மாசிக்காய் முதல் மெட்டால் வரை: இருட்டறை மருந்து ஒன்றின் வரலாறு

நம் சங்க மலருக்கு வழக்கமாக நான் எழுதுவது கல்வெட்டு பற்றியோ, சமண நூல் பற்றியோதான் இருக்கும். இந்த வருஷம் ஒரு புட்டி மருந்தைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், மலர்க் குழுத் தம்பி கொஞ்சம் யோசித்தார். "ஐயா, கருப்பு வெள்ளை போட்டோ கழுவுற மருந்துக்கு வரலாறு இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது தம்பி. அதில் பாதி நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. மீதியில் என் குடும்பத்துக் கதை ஒன்றும் கலந்திருக்கிறது.

நான் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். நயினார் குடும்பம். அப்பா பயிர் வைத்தவர். தாத்தாவுக்குச் சிறிய நாட்டுமருந்துக் கடை இருந்தது. 1977இல், பதினெட்டு வயதில், பம்பாய்க்கு ரயில் ஏறினேன். மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு சேட்டிடம் ரசாயனக் கடையில் வேலை. பிறகு அதே தொழிலில் சொந்தமாக ஒரு சிறு கடை. சோடா, சல்பைட், பொட்டாஷ் என்று எடை போட்டு விற்றவன், எதை எதற்கு வாங்கிப் போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

கடைச் சரக்கில் தொடங்கிய கலை

1839இல் பாரிஸில் தாகேர் தன் முறையை வெளியிட்டபோது, வெள்ளித் தகட்டில் விழுந்த உருவத்தைப் பாதரச ஆவி காட்டித்தான் எழுப்பினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் டால்பட் என்பவர் தாளில் படம் பிடிக்க முயன்றார். வெயிலில் மணிக்கணக்கில் வைத்தால்தான் உருவம் தெரிந்தது. 1840இல் அவருக்கு ஒரு உண்மை புலப்பட்டது. தாளில் வெளிச்சம் சற்று நேரம் பட்டாலே போதும். கண்ணுக்குத் தெரியாத உருவம் ஒன்று அதில் பதிந்துவிடுகிறது. அதன்மேல் காலிக் அமிலம் பூசினால் உருவம் மெல்ல எழுந்து வருகிறது. 1841இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இந்தக் காலிக் அமிலம் எதிலிருந்து கிடைத்தது? மாசிக்காயிலிருந்து. கைக்குழந்தைக்கு உரைமருந்து இழைக்கும்போது கடுக்காய், ஜாதிக்காய், வசம்போடு சேர்த்து நம் வீட்டில் இழைத்தார்களே, அதே மாசிக்காய். அதன் அமிலத்தைச் சூடாக்கினால் பைரோகாலால் கிடைக்கும். 1851இல் ஆர்ச்சர் கண்ணாடியில் ஈரக் கொலோடியன் முறையைக் கொண்டுவந்தபோது உருவத்தை எழுப்ப இந்தப் பைரோகாலால் பயன்பட்டது. அதோடு பயன்பட்ட இன்னொரு சரக்கு இரும்பு சல்பேட். அதற்கு நம் பெயர் அன்னபேதி. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சினால் எழுதும் மை கிடைக்கும் என்று தாத்தா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஆக, உலகத்தின் முதல் போட்டோ மருந்துகளில் இரண்டு தாத்தாவின் கடையில் மரப்பெட்டியில் கிடந்தன. தாத்தாவுக்குத்தான் அது தெரியாது.

பம்பாயில் 1854இலும் சென்னையில் 1856இலும் போட்டோக் கலைச் சங்கங்கள் தோன்றின. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, சென்னை அரசின் படப்பிடிப்பாளராக மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று சுற்றினார். நம் ஊர் வெயிலுக்கு மெழுகுத்தாள் நெகட்டிவ்தான் தாங்கும் என்று அதைப் பெரிதும் பயன்படுத்தினார். அந்தத் தாளில் உருவத்தை எழுப்பியது காலிக் அமிலம். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, 19 அடிக்கு மேல் நீளமாக ஒன்றாக ஒட்டினார். நம் எழுத்தைக் காக்க இந்த மருந்து அன்றே உதவியிருக்கிறது என்பதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏடும் இதுவும் ஒன்றுதான்

மறைந்திருக்கும் உருவம் என்றால் சிலருக்குப் புரியாது. பனையோலை ஏட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாணியால் கீறியவுடன் எழுத்து கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் கரி தங்கி எழுத்து பளிச்சென்று வரும். இதற்கு மையாடல் என்று பெயர். போட்டோத் தாளில் வெள்ளி உப்புத் துகள்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்ட துகளை மட்டும் மருந்து தேடிப் பிடித்துக் கறுப்பு வெள்ளியாக மாற்றுகிறது. படாத துகளை ஹைப்போ கரைத்து எடுத்துவிடுகிறது. மருந்து சரியில்லையென்றால் எழுத்து இருந்தும் படிக்க முடியாது. மையாடாத ஏடு மாதிரி.

செருமனியில் பிறந்த புட்டி

1862 வாக்கில் பைரோவோடு காரம் சேர்த்தால் வேகம் கூடும் என்று கண்டார்கள். 1871இல் மேடாக்ஸ் ஜெலட்டின் தகட்டை அறிமுகப்படுத்தினார். இந்த ஜெலட்டின் என்ற சொல்லை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன். 1880இல் ஆப்னி என்ற ஆங்கிலேய அதிகாரி ஹைட்ரோகுயினோன் என்ற பொருளும் உருவத்தை எழுப்பும் என்று காட்டினார். ஆனால் இந்தக் கரைசல்கள் எல்லாம் காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பேறிக் கெட்டுவிடும். 1882இல் பெர்க்லி என்பவர் சோடியம் சல்பைட் சேர்த்தால் கெடாமல் இருக்கும் என்று கண்டார். ஊறுகாய்க்கு உப்பும் எண்ணெயும் என்ன செய்கிறதோ, அதை இங்கே சல்பைட் செய்கிறது.

சல்பைட் வந்த பிறகுதான் அடர்கலவை என்ற எண்ணமே சாத்தியமாயிற்று. 1891இல் பெர்லின் அக்ஃபா கம்பெனியில் ஆண்ட்ரெசன் என்ற வேதியியலாளர் ரோடினால் என்ற மருந்தைக் கொண்டுவந்தார். ஒரே புட்டி. அதிலிருந்து சில சொட்டு எடுத்து 50 பங்கோ, 100 பங்கோ தண்ணீர் விட்டு வேலை முடித்துவிடலாம். பாதி புட்டியாகப் பல வருஷம் கிடந்தாலும் கெடுவது அபூர்வம். அதே 1891இல் ஹாஃப் கம்பெனியில் பொகிஷ் என்பவர் கண்ட மெட்டாலும் விற்பனைக்கு வந்தது.

மெட்டால் உருவத்தை உடனே எழுப்பும், ஆனால் சாம்பல் நிறமாக மென்மையாக இருக்கும். ஹைட்ரோகுயினோன் தாமதமாகத் தொடங்கும், ஆனால் நல்ல கறுப்புக் கொடுக்கும். இரண்டையும் சேர்த்தால், தனித்தனியாகச் செய்யும் வேலையைக் கூட்டினால் வருவதைவிட அதிக வேலை நடக்கிறது. ஸ்டூடியோக்காரர்கள் எம்.கியூ. என்று சொன்னது இந்தச் சேர்க்கையைத்தான். 1940இல் இல்ஃபோர்டு கம்பெனியின் கெண்டல் கண்ட ஃபெனிடோன், மெட்டாலின் இடத்தில் பத்தில் ஒரு பங்கு எடையிலேயே அந்த வேலையைச் செய்தது.

டி-72: எல்லாருக்கும் தெரிந்த கைப்பக்குவம்

கோடாக் கம்பெனி அச்சுத்தாளுக்கான தன் டி-72 கலவையை ஒளிக்காமல் வெளியிட்டது. தாராவியில் ஸ்டூடியோ வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் எங்கள் கடைக்கு வாடிக்கை. வெளிநாட்டுப் பொட்டலம் விலை கட்டுப்படியாகாது என்று சாமான்களை எடை போட்டு வாங்கிப் போய்த் தானே கலப்பார். இருட்டறைக்குள் என்னை முதலில் அழைத்துப் போனவரும் அவரே. அவர் சுவரில் ஒட்டியிருந்த கணக்கு இது.

50 டிகிரி சூட்டில் அரை லிட்டர் தண்ணீர். அதில் மெட்டால் 3 கிராம், ஈரமில்லா சோடியம் சல்பைட் 45 கிராம், ஹைட்ரோகுயினோன் 12 கிராம், ஈரமில்லா சோடியம் கார்பனேட் 67.5 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம். ஒன்று கரைந்த பிறகுதான் அடுத்தது. பிறகு தண்ணீர் விட்டு ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். தாளுக்கு இதில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. கெட்டியான சல்பைட் கரைசலில் மெட்டால் கரையாது. அதனால் ஒரு சிட்டிகை சல்பைட்டை மட்டும் முதலில் போட்டு, மெட்டாலைக் கரைத்து, மீதி சல்பைட்டைப் பிறகு போட வேண்டும். கார்பனேட் என்பது சலவைச் சோடா. உவர்மண்ணில் வண்ணார் எடுத்த காரமும் அதே இனம். அது மருந்துக்கு வேகம் கொடுக்கிறது. புரோமைடு வெளிச்சம் படாத இடம் கறுக்காமல் தடுக்கிறது. "தம்பி, கொழம்புக்குப் புளி மாதிரி, கூடவும் கூடாது, கொறையவும் கூடாது" என்பார் அண்ணாச்சி.

நான் செய்த பிழை

எங்கள் வீட்டுப் பரணில் 42 ஓலை கொண்ட ஸ்ரீபுராணச் சுவடி ஒன்று இருந்தது. முழு நூல் இல்லை, ஒரு பகுதிதான். 1985 மே மாதம் ஊருக்குப் போனபோது, எல்லா ஓலைக்கும் மையாடி, இரவல் கேமராவில், அன்று எங்கும் கிடைத்த ஓர்வோ ஃபிலிமில், இரண்டு பக்கமும் படம் எடுத்தேன். மொத்தம் 84 படம், மூன்று சுருள். அண்ணாச்சிதான் ஃபிலிமைக் கழுவிக் கொடுத்தார்.

அச்சுப் போடுவதை நானே செய்ய ஆசைப்பட்டேன். சயான் கோலிவாடாவில் ஒற்றை அறை. சமையல் மேடைதான் இருட்டறை. ஒரு புட்டிக்குத்தான் இடம். அதனால் டி-72ஐ மூன்று மடங்கு கெட்டியாகக் கலந்து வைத்தால் வேண்டும்போது தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 202 கிராம் சோடா, 135 கிராம் சல்பைட். சுடுதண்ணீரில் எல்லாம் கரைந்தது. வியாபாரி மூளை, இடம் மிச்சம் என்று மகிழ்ந்தேன்.

ஜனவரி மாதக் குளிரில் ஒரு ராத்திரி புட்டியைப் பார்த்தால் அடியில் கற்கண்டு மாதிரி படிகம். துணியில் வடிகட்டிப் படிகத்தைக் கொட்டிவிட்டு, மேல் தண்ணீரில் அச்சுப் போட்டேன். எல்லாம் சாம்பல். எழுத்தும் ஓலையும் ஒரே நிறம். தாள் பழசு என்று நினைத்தேன். உண்மையில், நான் கொட்டியதில்தான் மருந்தின் வேகம் இருந்தது. சோடியம் கார்பனேட் 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 21 கிராம்தான் கரையும். 10 டிகிரியில் 12 கிராமுக்குச் சற்று மேல். கூடவே அவ்வளவு சல்பைட் இருந்தால் இன்னும் குறையும். சோடாவைத் தினமும் மூட்டையாக விற்றவனுக்கு இது தெரியவில்லை.

அப்பா கேட்ட கேள்வி

அந்த வருஷம் அப்பா பம்பாய் வந்தார். சாம்பல் படங்களைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தாள் மேல வழவழன்னு இருக்குதே, அது என்னடா?" என்றார். பொய் சொல்லத் தெரியவில்லை. ஜெலட்டின் என்றேன், மாட்டு எலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுப்பது என்றேன். படத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "ஜினருடைய கதைய அதும்மேலயா ஏத்தற? வேணாம்டா."

நான் மறுத்துப் பேசவில்லை. ஃபிலிமிலும் அதே ஜெலட்டின்தான் என்பதையும் சொல்லவில்லை. சுருள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். மருந்து சரியாக வராத வெட்கமும் அதில் பாதி. பதினாறு வருஷம் டப்பாவைத் திறக்கவில்லை.

2001 மழைக்காலத்தில் ஊரில் கூரை ஒழுகி, பரணில் இருந்த சுவடி நனைந்து, கவனிப்பதற்குள் கறையான் பிடித்துவிட்டது. போனில் சொன்னது அப்பாதான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த பிலிம் இருக்குதா?" என்றார்.

"இருக்குதுப்பா. ஆனா அதுவும் அந்த ஜெலட்டின்தான்."

"தெரியும். ஏர் ஓட்டுறவன் காலடியில புழு சாகாம இருக்குதா? வேணும்னு கொல்றது வேற, தொழில்ல நேர்றது வேறன்னு நம்ம நூல்லயே இருக்குது. போடு, பாக்கலாம்."

சங்கல்ப ஹிம்சை, ஆரம்ப ஹிம்சை என்று நூல்கள் பிரித்துச் சொல்வதைத்தான் அப்பா அவர் பேச்சில் சொன்னார். எனக்கு இன்றும் அது முழுச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அப்பா சொன்ன பிறகு வேலையைத் தொடங்கினேன்.

கெட்டியாகக் கலக்கும் முறை

இந்த முறை முதலில் படித்தேன். கம்பெனிக்காரர்கள் திரவ அடர்கலவை செய்யும்போது சோடியம் உப்புக்குப் பதில் பொட்டாசியம் உப்பைப் பயன்படுத்துகிறார்கள். பொட்டாசியம் கார்பனேட் 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 110 கிராமுக்கு மேல் கரையும். சோடாவைப்போல் ஐந்து மடங்கு. அந்தச் சரக்கு என் கடையிலேயே, சோடா மூட்டைக்கு அடுத்த டிரம்மில், இத்தனை வருஷம் இருந்திருக்கிறது.

67.5 கிராம் சோடாவுக்கு ஈடு 88 கிராம் பொட்டாசியம் கார்பனேட். 3 கிராம் மெட்டாலுக்குப் பதில் 0.3 கிராம் ஃபெனிடோன். குளிர்ந்த தண்ணீரில் ஃபெனிடோன் கரைய மாட்டேன் என்கும். கொஞ்சம் சாராயத்திலோ கிளைகாலிலோ கரைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். ஃபெனிடோனைப் புரோமைடு அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது, ஆகவே 0.2 கிராம் பென்சோட்ரையசோலும் வேண்டும். சல்பைட் 45, ஹைட்ரோகுயினோன் 12, புரோமைடு 2 கிராம் பழையபடியே. எல்லாவற்றையும் ஒரு லிட்டருக்குப் பதில் அரை லிட்டரில் அடக்கினேன். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டால் மூன்று லிட்டர் வேலைக்கரைசல். பேராசைப்பட்டு மூன்று மடங்குக்குப் போகவில்லை. குளிர்ப்பெட்டியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன், படிகம் வரவில்லை.

சின்னச் சின்னப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி வைக்க வேண்டும். பாதி தீர்ந்தால் கோலிக்குண்டு போட்டு மட்டத்தை உயர்த்தினால் காற்றுக்கு இடம் இருக்காது. தேதியையும் பெயரையும் எழுதி ஒட்ட வேண்டும். சமையல் பாத்திரம், கரண்டி எதையும் இதற்கு எடுக்கக் கூடாது; நான் செய்தது தவறு. கையுறை கட்டாயம், மெட்டால் சிலருக்குத் தோலில் புண் வரவழைக்கும்.

இன்னொரு வீட்டு முறையும் உண்டு. ரோடினாலின் உயிர்ப்பொருள் பாரா அமினோ பீனால். பாராசிட்டமாலைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் அதுவே பிரிந்து வரும். 500 மில்லிகிராம் மாத்திரை 30, சல்பைட் 50 கிராம், காஸ்டிக் சோடா 20 கிராம், மொத்தம் 250 மி.லி. மூன்று நாள் மூடி வைத்தால் பழைய ரோடினாலுக்கு ஒப்பான கலவை கிடைக்கும். இது இன்று பெரும்பாலும் ஃபிலிமுக்குத்தான் பயன்படுகிறது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகள் தனியாகச் செய்யவே கூடாது.

தாது வருஷம்

2002 பிப்ரவரியில் நான்கு ராத்திரி உட்கார்ந்து 84 படத்தையும் அச்சுப் போட்டேன். சிவப்பு விளக்கில், தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் முதல் வரி எழுந்து வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. 71 படம் படிக்கும்படி வந்தது. 13 வரவில்லை. அவற்றுக்கு ஃபிலிமிலேயே வெளிச்சம் போதவில்லை; எந்த மருந்தும் இல்லாததை எழுப்பாது.

கடைசி ஓலை வந்தது. அதில் எழுதியவர் பெயரும், தாது வருஷம் என்பதும் இருந்தன. அறுபது வருஷச் சுழற்சி ஆகையால் 1816ஆகவும் இருக்கலாம், 1876ஆகவும் இருக்கலாம். பெயர் தாத்தாவின் பாட்டனார் பெயர். தலைமுறைக் கணக்குக்கு 1876தான் பொருந்துகிறது. அப்படியானால் அது தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்த காலம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து ஓலை எழுதியிருக்கிறார். நூலின் பாடம் வேறு சுவடிகளிலும் அச்சிலும் கிடைக்கும். இந்த ஒரு வரி வேறெங்கும் கிடையாது.

அப்பா அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். படத்தை வெறும் கையால் தொடவில்லை, துண்டு விரித்து அதன்மேல் வைத்துப் படித்தார். 2004இல் காலமானார்.

முடிவாக

ஊட்டியில் 1960இல் தொடங்கி, 1967 முதல் இந்து என்ற பெயரில் தாளும் ஃபிலிமும் செய்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இன்று இல்லை. கோடாக் 2005இல் கருப்பு வெள்ளைத் தாள் செய்வதை நிறுத்தியது. தாராவி அண்ணாச்சியின் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆனால் இல்ஃபோர்டும் செக் நாட்டு ஃபோமாவும் இன்னும் தாள் செய்கிறார்கள். மருந்துச் சாமான்கள் ரசாயனக் கடையில் இன்னும் கிடைக்கின்றன.

நம் வீடுகளில், ஊரை விட்டு வந்தபோது கொண்டுவந்த டிரங்குப் பெட்டிகளில், கல்யாண போட்டோவின் பழைய நெகட்டிவ்கள் கிடக்கும். கறுப்புச் சுருள்தானே என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு வெள்ளைத் துணிக்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உருவம் தெரிந்தால், காற்றோட்டமான இடத்தில் ஈரம் படாமல் தாள் உறையில் போட்டு வைத்து, யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று உறைமேல் எழுதிவிடுங்கள். வருஷத்தை நான்கு இலக்கத்திலேயே எழுதுங்கள். தாது வருஷம் என்று மட்டும் எழுதினால், பின்னால் வருகிறவன் அறுபது வருஷத்துக்கு நடுவில் நின்று தவிக்க வேண்டியிருக்கும்.